பெயர் கேளாத கணக்கர்: ஜான் ரிக்மன் (1771–1840)

1801-ஆம் ஆண்டு மார்ச் 10-ஆம் நாள் இங்கிலாந்திலும் வேல்சிலும் ஊர்தோறும் ஏழைகள் நிதியைக் கண்காணித்து வந்த அலுவலர்கள் வீடு வீடாகச் சென்றார்கள். ஸ்காட்லாந்தில் அந்த வேலை பள்ளி ஆசிரியர்களின் தலையில் விழுந்தது. குடியிருக்கும் வீடுகள் எத்தனை, அவற்றில் குடும்பங்கள் எத்தனை, ஆண்கள் எத்தனை பேர், பெண்கள் எத்தனை பேர், உழவில் இருப்போர் எவ்வளவு, வணிகத்திலும் கைத்தொழிலிலும் இருப்போர் எவ்வளவு என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். பெயரைக் கேட்கவில்லை, கேட்கும்படி சட்டம் சொல்லவும் இல்லை. ஊர்த் தொகைகள் மாவட்டத் தொகைகளாகி, அவை லண்டனுக்கு வந்து, கடற்படையினரும் தரைப்படையினரும் சேர்க்கப்பட்டு, பிரிட்டனின் மக்கள் 1 கோடியே 9 லட்சத்துக்குச் சற்று மேல் என்று முடிந்தது. அதுவரை அந்நாட்டில் எவருக்கும் தெரியாத எண் அது.

இன்று பிரிட்டனில் தம் முன்னோரைத் தேடிப் புறப்படுவோர் ஓர் இடத்தில் சுவரில் முட்டிக்கொள்கிறார்கள். 1841-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு வரையில் ஏடுகள் பேசுகின்றன. பாட்டன், பாட்டி, பிள்ளைகள், வேலைக்காரப் பெண் என ஒவ்வொருவரும் பெயரோடும் வயதோடும் வருகிறார்கள். அதற்கு முந்திய நான்கு கணக்கெடுப்புகளும் எண்களாகவே நிற்கின்றன. 1801, 1811, 1821, 1831 ஆகிய அந்த நான்கையும் நடத்தியவர் ஒருவரே. காமன்ஸ் சபையின் மேசையருகே அமர்ந்து குறிப்பெழுதிய எழுத்தர், ஜான் ரிக்மன்.

சார்லஸ் லாமின் கடிதங்களையும் சௌத்தி, கோல்ரிட்ஜ் ஆகியோரின் வரலாறுகளையும் படித்த நம் வட்டத்தினர் இப்பெயரை அடிக்குறிப்புகளில் கண்டிருக்கக்கூடும். அடிக்குறிப்பில் வாழ்கிறவர்களுக்குப் பிறப்பும் இறப்பும் உண்டு; வீடு, வாசல், பிள்ளைகுட்டி என்பவை இருந்தனவாக நாம் நினைப்பதில்லை. ஒரு தேசத்தின் குடும்பங்களையெல்லாம் எண்ணியவருடைய குடும்பத்தைத் தேடிப் பார்த்தால் என்ன என்ற ஆவலே இக்கட்டுரைக்குக் காரணம்.

ரிக்மன் 1771-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 22-ஆம் நாள் பிறந்தார். தந்தை தாமஸ் ரிக்மன் இங்கிலாந்துத் திருச்சபையைச் சேர்ந்த குரு; வடகோடியில் அன்று நார்தம்பர்லாந்து மாவட்டத்தைச் சேர்ந்திருந்த, டைன் ஆற்றங்கரையில் உள்ள நியூபர்ன் என்னும் ஊரில் பணியாற்றியவர். பின்னர்க் குடும்பம் தெற்கே பெயர்ந்தது. தந்தை தம் இறுதிக் காலத்தைக் கழித்தது அன்று ஹாம்ப்ஷயரைச் சேர்ந்திருந்த கடலோர ஊராகிய கிறைஸ்ட்சர்ச்சில். மகன் கில்ட்ஃபோர்டு இலக்கணப் பள்ளியில் படித்து, ஆக்ஸ்போர்டில் முதலில் மாக்டலன் ஹாலிலும் பிறகு லிங்கன் கல்லூரியிலும் பயின்று பட்டம் பெற்றார்.

குருவின் மகன் என்பதை வெறும் தகவலாக விட்டுவிடுவதற்கில்லை. 1538-ஆம் ஆண்டு முதல் இங்கிலாந்தின் ஒவ்வொரு பங்கிலும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகிய மூன்றையும் ஏட்டில் எழுதி வைப்பது குருவின் கடமை. பிறந்தவர் இன்னார், மணந்தவர் இன்னார், மண்ணுக்குள் போனவர் இன்னார் என்று வாரந்தோறும் எழுதப்படும் அந்த ஏடு இருந்த வீட்டில் வளர்ந்தவர் ரிக்மன். நம் ஊர்க் கரணத்தின் வீட்டில் அடங்கல் கணக்கைக் கண்டு வளர்ந்த பிள்ளையைப் போல என்று வைத்துக்கொள்ளலாம். பிற்காலத்தில் அவர் செய்த பெருஞ்செயலின் பாதி அந்த ஏடுகளைத் திறந்து எண்ணியதுதான் என்பதைக் கருதும்போது, இந்த வேரைக் கவனிக்காமல் போவது பிழை என்றே எனக்குத் தோன்றுகிறது.

குடும்ப வரலாறு தேடுவோர் இங்கே ஒரு குழப்பத்துக்கும் ஆளாவர். அதே காலத்தில் புகழ்பெற்ற ரிக்மன்கள் வேறு இருவர் இருந்தனர். ஒருவர் மெய்டன்ஹெட்டில் பிறந்த கட்டடக் கலைஞர் தாமஸ் ரிக்மன். ஆங்கிலக் கோதிக் கட்டடங்களைக் காலவாரியாகப் பிரித்து, இன்றும் வழங்கும் பெயர்களை இட்டவர். மற்றவர் லூயிஸ் நகரத்து தாமஸ் கிளையோ ரிக்மன். புத்தக வணிகர், செய்யுள் எழுதியவர், தாமஸ் பெயினின் உற்ற நண்பர். பெயின், வாஷிங்டன், பிராங்க்ளின், ரூசோ என்று தம் பிள்ளைகளுக்குப் பெயர் வைத்த தீவிரக் குடியரசுவாதி. இருவருமே குவேக்கர் குடும்பத்தினர். நம் ரிக்மனோ ஆங்கிலிக்கக் குருவின் மகன். அரசியலிலும் கிளையோ ரிக்மனுக்கு நேர் எதிர்த்திசையில் நின்றவர். பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு கால்வழி வரைகிறவர் இம்மூவரையும் ஒரே கூரையின் கீழ்க் குடியேற்றிவிடுவார். பெயருக்கும் எண்ணைப் போலவே மயக்கம் தரும் வல்லமை உண்டு.

பட்டம் பெற்று ஊர் திரும்பிய ரிக்மனுக்குச் சில ஆண்டுகள் நிலையான தொழில் எதுவும் அமையவில்லை. 1796-இல் அவர் ஒரு கட்டுரை எழுதினார். இங்கிலாந்தின் மக்கள்தொகையை அறிவது பயனுடையது மட்டுமன்று, எளிதும்கூட என்பது அதன் வாதம். எளிது என்று சொன்னதுதான் புதுமை. 1753-இல் இதே நோக்கத்துடன் ஒரு மசோதா காமன்ஸ் சபையில் வந்திருந்தது. தலை எண்ணுவது ஆங்கிலேயனின் சுதந்திரத்தைப் பறிக்கும் முதற்படி என்று ஓர் உறுப்பினர் கொதித்தெழுந்தார். தாவீது அரசன் மக்களை எண்ணியதால் கொள்ளைநோய் வந்த விவிலியக் கதையை நினைத்து அஞ்சியோரும் இருந்தனர். காமன்ஸ் சபையைக் கடந்த மசோதா பிரபுக்கள் சபையில் மடிந்தது. அதன்பின் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் யாரும் அதைத் தொடவில்லை.

இடையில் காலம் மாறியிருந்தது. பிரான்சோடு போர் மூண்டிருந்தது. படைக்கு ஆள் எவ்வளவு கிடைக்கும் என்பது உயிர்நிலைக் கேள்வியாயிற்று. 1798-இல் மால்தஸின் நூல் வெளிவந்து, மக்கள் பெருக்கம் உணவை விஞ்சிவிடும் என்ற அச்சத்தை விதைத்தது. 1799-லும் 1800-லும் விளைச்சல் பொய்த்தது. ரொட்டியின் விலை ஏறியது. கிறைஸ்ட்சர்ச்சின் நாடாளுமன்ற உறுப்பினர் ஜார்ஜ் ரோஸ் தம் தொகுதி இளைஞரின் கட்டுரையைச் சார்லஸ் அபட் என்ற உறுப்பினரிடம் சேர்த்தார். அபட் 1800-ஆம் ஆண்டு நவம்பரில் மசோதாவைக் கொண்டுவந்தார். ஆண்டின் கடைசி நாளன்று அது சட்டமாயிற்று. இரண்டு மாதங்களும் சில நாள்களும் கழித்துக் கணக்கெடுப்பே நடந்து முடிந்துவிட்டது. இவ்வளவு விரைவு இன்றைய அரசுகளுக்குக்கூட வாய்ப்பதில்லை. எளிது என்று சொன்னவர் எளிதாகச் செய்துகாட்டினார்.

அந்த எளிமையின் சூட்சுமம் இரண்டு. ஒன்று, புதிதாக ஆள் சேர்க்காமல் ஊரில் ஏற்கெனவே இருந்த அலுவலர்களைப் பயன்படுத்திக்கொண்டது. மற்றொன்று, கேள்விகளைக் குறைத்தது. பெயரை எழுதுவதென்றால் தாள் பெருகும், பிழை பெருகும், மக்களின் ஐயமும் பெருகும். எண்ணிக்கை மட்டும் போதும் என்றால் எழுதப் படிக்க அரைகுறையாகத் தெரிந்த கண்காணிப்பாளரும் கோடுகள் கிழித்துக் கூட்டிவிடுவார். பெயரை விட்டுவிட்டது அலட்சியத்தால் அன்று. அதுவே திட்டத்தின் அச்சாணி.

குருமார்களுக்குத் தனியே ஒரு கேள்வித்தாள் சென்றது. 1700 முதல் 1780 வரை பத்து ஆண்டுகளுக்கு ஒன்றாகவும், அதன்பின் 1800 வரை ஒவ்வோர் ஆண்டுக்கும் ஞானஸ்நானங்கள், அடக்கங்கள் எத்தனை என்றும், புதிய திருமணச் சட்டம் நடைமுறைக்கு வந்த 1754-லிருந்து திருமணங்கள் எத்தனை என்றும் அது கேட்டது. இன்று எத்தனை பேர் என்பதோடு ரிக்மனுக்கு மனம் அடங்கவில்லை. நேற்று எத்தனை பேர் இருந்தனர், கூடியிருக்கிறோமா குறைந்திருக்கிறோமா என்பதே அவரை அலைக்கழித்த கேள்வி. நாடு மக்களற்றுப் போய்க்கொண்டிருக்கிறது என்று அறிஞர் பலர் நம்பிய காலம் அது. ரிக்மனின் எண்கள் அந்த நம்பிக்கையை உடைத்தன. மால்தஸின் முடிவையும் அவர் ஏற்கவில்லை. மக்கள் பெருகுவது நாடு நலமாக வாழ்வதன் அடையாளம் என்பதே அவர் கருத்து.

இத்தகைய மனிதருக்குக் கவிஞர்களோடு என்ன வேலை என்று கேட்கலாம். அவர் வாழ்வின் சுவையான பகுதி அதுதான். 1797-ஆம் ஆண்டுக் கோடையில் ராபர்ட் சௌத்தி கிறைஸ்ட்சர்ச்சை ஒட்டிய பர்ட்டன் என்னும் சிற்றூருக்கு வந்து தங்கினார். இருவருக்கும் அப்போது ஏற்பட்ட நட்பு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நிலைத்தது. சௌத்தி அன்று புரட்சிக் கனவு கலைந்துகொண்டிருந்த இளங்கவிஞர். ரிக்மன் கனவுகளையே சந்தேகித்தவர். ஆனாலும் 1800-இல் சௌத்திக்கு எழுதிய கடிதத்தில், துணையற்ற பெண்கள் கூடி வாழ்ந்து உழைத்துப் பிழைக்கும் பெகின் இல்லங்களைப் போன்ற அமைப்பு இங்கிலாந்திலும் வேண்டும் என்று வற்புறுத்தியவர் இந்தக் கறாரான கணக்கர்தாம். அதை எழுதத் தகுந்த கை கவிஞரின் கை என்பது அவர் எண்ணம்.

அதே 1800-இல் லண்டனில், அப்பாவியும் ஏட்டுச்சுரைக்காயுமான ஜார்ஜ் டையர் வழியாக லாமின் அறிமுகம் கிடைத்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவலகத்தில் பேரேடு எழுதிவந்த லாமுக்கு ரிக்மனைக் கண்டதும் பிடித்துப்போயிற்று. தம் நண்பர் மானிங்குக்கு எழுதிய கடிதத்தில் புதிய நண்பரை வியந்து தள்ளுகிறார். ஒன்றை அவரிடம் இரண்டு முறை சொல்ல வேண்டியதில்லை என்பது அந்தப் பாராட்டின் சாரம். லாமின் கேலி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பலரும் திணறிய காலத்தில், சொன்ன மாத்திரத்தில் புரிந்துகொள்ளும் ஒருவர் கிடைப்பது சிறிய பேறு அன்று. இருவரும் கணக்கெழுதிப் பிழைத்தவர்கள் என்ற ஒற்றுமையும் உண்டு. ஒருவர் சரக்கை எண்ணினார், மற்றவர் மனிதரை.

அபட் 1801-இல் அயர்லாந்தின் தலைமைச் செயலராகச் சென்றபோது ரிக்மன் அவருடைய செயலராக உடன் சென்றார். போன இடத்திலும் நண்பரை மறக்கவில்லை. அயர்லாந்தின் நிதியமைச்சராக இருந்த ஐசக் காரிக்குத் தனிச்செயலர் தேவைப்பட்டபோது சௌத்தியை அந்தப் பதவியில் அமர்த்தினார். காரியின் மகனுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் வேலையும் அதில் வந்து ஒட்டிக்கொள்ளப் பார்த்தபோது கவிஞர் பதவியை உதறிவிட்டார். ரிக்மன் வருந்தியதாகத் தெரியவில்லை. உதவி என்பது அவருக்குக் கணக்கில் வரவு வைக்கும் காரியமாக இருந்ததில்லை.

கோல்ரிட்ஜின் நண்பரும் நெதர் ஸ்டோவி ஊரின் தோல் பதனிடுபவருமான தாமஸ் பூலை லண்டனுக்கு வரவழைத்து, ஏழைகள் நிதி பற்றி ஊர்தோறும் இருந்து வந்த விவரங்களைச் சுருக்கித் தொகுக்கும் பணியை 1803-இல் ஒப்படைத்தவர் ரிக்மன். ஜார்ஜ் பர்னெட்டின் கதை இன்னும் உருக்கமானது. சௌத்தியும் கோல்ரிட்ஜும் இளமையில் அமெரிக்காவின் சஸ்குவஹானா ஆற்றங்கரையில் சொத்துரிமையற்ற சமத்துவக் குடியிருப்பு ஒன்றை அமைக்கத் திட்டமிட்டார்கள் அல்லவா? அந்தக் குழுவில் இருந்தவர் பர்னெட். மற்றவர்கள் கனவைக் கைவிட்டு வேறு பாதை கண்டார்கள். பர்னெட்டுக்குப் பாதை அகப்படவேயில்லை. ரிக்மன் அவருக்கும் வேலை தேடிக் கொடுத்துப் பார்த்தார். எதிலும் ஊன்றாத பர்னெட் 1811-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் லண்டன் மேரிலிபோன் ஏழைகள் விடுதியில் இறந்தார். ரிக்மனின் இரண்டாம் கணக்கெடுப்பு நடந்தது அதே ஆண்டு மே மாதத்தில். அந்த விடுதியில் இருந்தவர்களும் எண்ணப்பட்டார்கள். பர்னெட் அந்த எண்ணிக்கையில் இல்லை.

சிறிய உதவி ஒன்றையும் சொல்ல வேண்டும். அந்நாளில் கடிதத்துக்குரிய கட்டணத்தைப் பெரும்பாலும் பெறுபவரே செலுத்த வேண்டும்; தொலைவு கூடக் கூடக் கட்டணமும் கூடும். நாடாளுமன்றத்தாரின் கடிதங்களுக்கு மட்டும் விலக்கு இருந்தது. அபட் 1802-இல் சபாநாயகரானதும் ரிக்மன் சபாநாயகரின் செயலரானார். அவருடைய அலுவலகம் நண்பர்களின் இலவச அஞ்சல் நிலையம் ஆயிற்று. ஏரி மாவட்டத்துக் கெஸ்விக்கில் இருந்த சௌத்திக்குச் செல்லும் கடிதங்களும் அச்சுப்படிகளும் அவ்வழியே சென்றன. ஆங்கில இலக்கியத்தின் மிகச் சிறந்த கடிதங்கள் சிலவற்றின் போக்குவரத்துச் செலவை, எவரும் அறியாமல், பிரிட்டிஷ் கருவூலம் ஏற்றது.

1814-இல் ரிக்மன் சபையின் இரண்டாம் உதவி எழுத்தராகவும், 1820-இல் உதவி எழுத்தராகவும் ஆனார். இறக்கும்வரை அந்தப் பதவிதான். தலைமை எழுத்தர் பதவி அவருக்கு வரவில்லை. அதன் காரணத்தைப் புரிந்துகொள்ள அந்த மேசையின் குடும்ப வரலாற்றைப் பார்க்க வேண்டும். ஜான் ஹாட்சல் என்பவர் 1768 முதல் 1820-இல் இறக்கும்வரை ஐம்பத்திரண்டு ஆண்டுகள் தலைமை எழுத்தராக இருந்தார். 1797-க்குப் பின் அவர் இருக்கைக்கே வரவில்லை. பதவியையும் வருவாயையும் தம்மிடம் வைத்துக்கொண்டு, வேலையை ஜான் லே என்ற துணைவரிடம் விட்டுவிட்டார். ஹாட்சல் மறைந்ததும் அந்த லேயின் சகோதரர் மகனான ஜான் ஹென்றி லே தலைமை எழுத்தரானார். 1850 வரை அவரே. அங்கே எழுதுகோல் குடும்பச் சொத்தாக இருந்தது. சிற்றப்பனும் மகனும் மருமகனுமாக மேசையைச் சுற்றி அமர்ந்த அவையில், ஒற்றைக் கட்டுரையைக் கையில் பிடித்துக்கொண்டு ஊர்க் குருவின் மகன் உள்ளே நுழைந்ததே அதிசயம். நுழைந்தவர் கடைசிப் படிக்கு ஒரு படி கீழே நின்றுவிட்டதில் அதிசயம் இல்லை.

அங்கியும் பொய்முடியும் அணிந்து சபாநாயகருக்கு முன்னால் அமர்ந்து, நடப்பதைக் குறித்துக்கொள்வதே உதவி எழுத்தரின் தொழில். பேசும் உரிமை கிடையாது. எல்லார் பேச்சையும் கேட்டாக வேண்டும். ரிக்மனுக்கோ வலுவான கருத்துகள் இருந்தன. பழமையில் ஊன்றியவர், சீர்திருத்தக்காரர்களைக் கடுஞ்சொல்லால் சாடியவர். அவருடைய அரசியல் எனக்கு உவப்பானது அன்று. இக்கட்டுரையைப் படிக்கும் பெரும்பாலோர்க்கும் இராது. அந்தக் கடுமையை மறைத்துவிட்டு அவரை நல்லவராகக் காட்டுவதில் பொருளும் இல்லை.

அந்த அரசியலுக்கு அவருடைய எண்களே பகையாக வந்தன. 1831-ஆம் ஆண்டு மார்ச் முதல் நாள் லார்ட் ஜான் ரஸ்ஸல் சபையில் சீர்திருத்த மசோதாவைக் கொண்டுவந்தார். ஆளே இல்லாத பாழூர்கள் இரண்டிரண்டு உறுப்பினரை அனுப்பிக்கொண்டிருந்த கொடுமைக்கு முடிவு கட்டுவது அதன் நோக்கம். எந்த ஊர் பாழ், எந்த ஊர் பாழன்று என்பதற்கு அவர்கள் எடுத்துக்கொண்ட அளவுகோல் 1821-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு. 2,000 பேருக்குக் குறைந்த ஊர்கள் இரு உறுப்பினரையும் இழக்கும். 4,000 பேருக்குக் குறைந்தவை ஒருவரை இழக்கும். பெயரற்ற எண்களாக ரிக்மன் அடுக்கிவைத்த அட்டவணை, அவர் கண்ணெதிரே, அவர் போற்றிய பழைய ஏற்பாட்டை அறுக்கும் வாளாயிற்று. அம்மாதம் நடந்த இரண்டாம் வாசிப்பில் 302-க்கு 301 என்று ஒரே வாக்கில் மசோதா தப்பியது. அந்த இரவிலும் சபையின் மேசைப்பணி அவருடையதே. பிற்பாடு ஊர்களை அளக்கும் முறை மாற்றப்பட்டு, வீடுகளின் எண்ணிக்கையும் வரியும் கணக்கில் கொள்ளப்பட்டன. ஆயினும் தொடக்கத்தில் கையில் இருந்த கருவி ரிக்மன் செய்து கொடுத்ததுதான். தாம் எடுத்த கணக்கு தமக்கு எதிராகப் பயன்படும் என்று அஞ்சி ஓர் எண்ணைக்கூட அவர் திருத்தவில்லை. அவரிடம் நான் மதிப்பது இதை.

ஸ்காட்லாந்தின் மலைப்பகுதிப் பணியைச் சுருக்கமாகவே சொல்ல முடியும். 1803 முதல் சாலைகள், பாலங்களுக்கான ஆணையத்துக்கும் கலிடோனியக் கால்வாய் ஆணையத்துக்கும் அவரே செயலர். பொறியாளர் தாமஸ் டெல்ஃபோர்டு நிலத்தில் செய்ததை ரிக்மன் தாளில் செய்தார். 900 மைலுக்கு மேற்பட்ட சாலைகளும் ஏறத்தாழ ஆயிரம் பாலங்களும் அதன் பயன். முன்னாள் கல்தச்சரான டெல்ஃபோர்டும் இளமையில் செய்யுள் எழுதியவர் என்பதால் இந்த நட்பும் இலக்கியத்துக்கு வெளியே போய்விடவில்லை.

1805-இல் ரிக்மன் சசெக்சின் ஹார்ட்டிங் ஊரைச் சேர்ந்த சுசன்னா போஸ்ல்த்வெயிட்டை மணந்தார். ஆன், பிரான்சஸ் என இரு பெண்கள், வில்லியம் என ஒரு மகன். வெஸ்ட்மின்ஸ்டர் அரண்மனை முற்றத்தில் அலுவலக வீட்டில் குழந்தைகள் வளர்ந்தார்கள். நாடாளுமன்றத்தின் நிழலிலேயே விளையாடிய அப்பிள்ளைகளுக்கு லாமும் சௌத்தியும் டெல்ஃபோர்டும் வீட்டுக்கு வந்துபோகும் மாமன்மார். 1819-இல் ரிக்மன் மனைவி, மக்களோடு ஸ்காட்லாந்து சென்றபோது அரசவைக் கவிஞராகிவிட்ட சௌத்தியும் உடன் சென்றார், டெல்ஃபோர்டும் சேர்ந்துகொண்டார். கால்வாய் வெட்டப்படுவதையும் புதிய பாலங்களையும் பார்த்த சௌத்தியின் பயணக்குறிப்பு 1929-இல் நூலாக வெளிவந்தது. ரிக்மன் குடும்பத்தாரை வண்டியில் அமர்ந்தவர்களாக, களைத்தவர்களாக, உண்பவர்களாக நாம் காண்பது அத்தகைய ஏடுகளில்தான். எந்த அரசுப் பதிவேடும் அதைத் தரவில்லை.

1834 அவருக்குக் கொடிய ஆண்டு. ஜூலையில் கோல்ரிட்ஜ் போனார். செப்டம்பரில் டெல்ஃபோர்டு போனார். டிசம்பரில் லாம் போனார். இடையில் அக்டோபர் 16-ஆம் நாள் மாலை நாடாளுமன்றமே எரிந்தது. வரவு செலவுக்கு அடையாளமாகக் கருவூலம் பல நூற்றாண்டுகளாக வைத்திருந்த கணக்குக் குச்சிகள் வழக்கொழிந்து குவிந்து கிடந்தன. அவற்றைப் பிரபுக்கள் சபையின் அடுப்புகளில் போட்டு எரித்தபோது புகைபோக்கி வழியே பற்றிக்கொண்ட தீ இரு சபைகளையும் தின்றது. அடுத்திருந்த வீட்டில் இருந்த ரிக்மன் குடும்பம் அதைக் கண்முன்னே கண்டது. மகள் பிரான்சஸ் எழுதிய கடிதம் அந்த இரவின் சிறந்த சாட்சிகளுள் ஒன்று. காமன்ஸ் சபையின் நிகழ்ச்சிக் குறிப்பேடுகள் தப்பின. மற்ற பழைய கையெழுத்து ஆவணங்கள் பெரும்பாலும் சாம்பலாயின. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தாளையே கட்டிக்காத்தவருக்கு அது எப்படி இருந்திருக்கும்!

அதன்பின் அவர் செய்த இரண்டு காரியங்கள் போனவர்களைப் பற்றியவை. டெல்ஃபோர்டு எழுதி வைத்துவிட்டுப் போன தன்வரலாற்றைப் பதிப்பித்து 1838-இல் வெளியிட்டார். மற்றொன்று 1836-இல் தொடங்கியது. பழைய பதிவேடுகள் உள்ள பங்குகளின் குருமார்க்கெல்லாம் அவர் கேள்வி அனுப்பினார். 1570, 1600, 1630, 1670, 1700, 1750 ஆகிய ஆண்டுகளை ஒட்டிய மும்மூன்று ஆண்டுகளில் உங்கள் ஏட்டில் ஞானஸ்நானம் எத்தனை, திருமணம் எத்தனை, அடக்கம் எத்தனை என்பது கேள்வி. எலிசபெத் அரசியின் காலத்து மக்களை, மண்ணாகிப் போனவர்களை, ரிக்மன் எண்ண விரும்பினார். குருமார் பெயர்களின் மேல் விரல் வைத்து எண்ணி, எண்ணை மட்டும் எழுதி அனுப்பினார்கள். முடிவுகள் அவர் இறந்தபின் 1843-இல் அச்சேறின. 1981-இல் ரிக்லியும் ஸ்கோஃபீல்டும் 404 பங்குகளின் ஏடுகளைக் கொண்டு இங்கிலாந்தின் மக்கள்தொகை வரலாற்றை எழுதும்வரை, அத்துறையில் வந்தவர்கள் பெரும்பாலும் ரிக்மனின் எண்களையே நம்பியிருந்தார்கள்.

தமிழில் தொகை என்ற ஒரே சொல் கூட்டி வந்த எண்ணையும் குறிக்கிறது, பாடல்களின் திரட்டையும் குறிக்கிறது. தொகுத்தவர் பெயர் தெரியாத தொகைகள் நம்மிடம் உண்டு. எழுதியவர் பெயர் தெரியாமல் பாடலின் தொடரே பெயராகிப்போன புலவர்களும் உண்டு. ரிக்மனின் தொகையில் தொகுத்தவர் பெயர் மட்டும் தெரியும். உள்ளே இருப்பவர் எவர் பெயரும் தெரியாது.

1840-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 11-ஆம் நாள், தொண்டைப்புண் முற்றி ரிக்மன் இறந்தார். அடுத்த கணக்கெடுப்புக்கான சட்டம் அதே ஆண்டில் நிறைவேறியது. அதன் ஆயத்தங்களில் அவரும் ஈடுபட்டிருந்தார். ஆனால் வேலை வேறு கைக்குப் போயிற்று. 1837 முதல் பிறப்பு, இறப்பு, திருமணங்களை அரசே பதிவு செய்யத் தொடங்கியிருந்தது. அந்தப் பதிவுத் துறையிடம் கணக்கெடுப்பும் ஒப்படைக்கப்பட்டது. 1841 ஜூன் 6-ஆம் நாள் வீடுதோறும் தாள் கொடுத்து ஒவ்வொருவர் பெயரையும் கேட்டார்கள். அதை நடத்திய தலைமைப் பதிவாளர் தாமஸ் ஹென்றி லிஸ்டர், கிரான்பி முதலிய நாவல்களை எழுதியவர். கவிஞர்களின் நண்பர் நாற்பது ஆண்டுகள் கேளாமல் விட்ட பெயரை வந்து கேட்டவர் ஒரு நாவலாசிரியர்.

ரிக்மனின் மகள் ஆன், லெஃப்ராய் குடும்பத்தில் மணமுடித்தார். லாமைப் பற்றிய அவருடைய இளமை நினைவுகள் எழுத்தில் நிலைத்தன. தந்தையின் கடிதங்கள் குடும்பத்தில் பாதுகாக்கப்பட்டு, 1912-இல் ஆர்லோ வில்லியம்ஸ் எழுதிய வாழ்க்கை வரலாற்றுக்கு அடிப்படையாயின. வில்லியம்ஸ் தாமும் காமன்ஸ் சபையில் எழுத்தர். நூலின் தலைப்பிலேயே ரிக்மனை அவர் லாமின் நண்பர் என்றுதான் அறிமுகப்படுத்த வேண்டியிருந்தது.

ரிக்மனின் நான்கு கணக்கெடுப்புகளுக்காக ஊர்களிலிருந்து வந்த மூலத் தாள்கள் 1904-இல் அழிக்கப்பட்டன. 1831-இல் குருமார் அளித்த விவரங்கள் மட்டும் எஞ்சின. ஆனால் சில ஊர்களில் கண்காணிப்பாளர்கள் எண்ணுவதற்கு வசதியாக, சட்டம் கேளாமலே, வீட்டுக்காரர் பெயர்களை வரிசையாக எழுதிக்கொண்டிருந்தார்கள். தொகையைக் கூட்டி லண்டனுக்கு அனுப்பிய பிறகு, அந்தத் தாள்களைத் தேவாலயப் பெட்டகத்தில் போட்டு மறந்துவிட்டார்கள். அப்படித் தப்பிய சில நூறு பட்டியல்கள் இன்று மாவட்ட ஆவணக் காப்பகங்களில் இருக்கின்றன. முன்னோரைத் தேடி வருவோர் முதலில் கேட்டு வாங்குவது அவற்றைத்தான்.